ஈறில் ரத்தம், ஆடும் பல், ஸ்கேலிங்: சேலத்தில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தபடியும், வாட்ஸ்அப்பிலும், சில நேரம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்தும் எங்களிடம் கேட்கப்பட்டவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் பொதுவானவை. உங்கள் வாயைப் பார்க்காமல் உங்களுக்கென்று மருந்து சொல்ல யாராலும் முடியாது.

பல் தேய்க்கும்போது எச்சில் சிவப்பா வருதுங்க. பிரஷ் குத்தியிருக்குமோ?

புது பிரஷ் வாங்கி, ஒரே இடத்தில், ஓரிரு நாள் வந்து நின்றுவிட்டால் குத்தியதாக இருக்கலாம். தினமும் வந்தால், அல்லது கொய்யாவைக் கடித்தால் பழத்தில் சிவப்பு ஒட்டினால், அது ஈறு அழற்சி. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் வெளிர்மஞ்சளாக, வழவழவென்று ஒரு படலம் சேரும். நகத்தால் சுரண்டினால் மாவு போல வரும். முழுக்கக் கிருமிகள். அவற்றை எதிர்க்க உடம்பு அங்கே ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது. ஈறு சிவந்து, உப்பி, தொட்டாலே கசிகிறது.

இங்கேதான் பெரும்பாலானோர் தப்பு செய்கிறார்கள். ரத்தம் வரும் இடத்தைப் பாவம் பார்த்து விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்க்கிறார்கள். படலம் அங்கேயே தடிக்கிறது, ரத்தம் இன்னும் கூடுகிறது. மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டும். முதல் சில நாள் ரத்தம் வரும், வரட்டும். ஒரு வாரம், பத்து நாளில் குறைய வேண்டும். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால், பிரஷ்ஷுக்கு எட்டாத ஏதோ உள்ளே இருக்கிறது.

1965இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்த சிலரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. இந்தக் கட்டத்தில் இருக்கும் ஈறு நோய் மிச்சமில்லாமல் குணமாகும். அடுத்த கட்டம் அப்படியில்லை.

வலியே இல்லீங்களே. வலி வந்தா வந்து காட்டினா போதாதா?

ஈறு நோய் வலிக்காது. சொத்தை நரம்பைத் தொட்டால் ராத்திரி தூங்க விடாது. ஈறு நோய் பத்து வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். அழற்சி கீழே இறங்கினால் பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் விடுபடும், தாடை எலும்பு கரையும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல இடைவெளி விழும். நாங்கள் அதைப் 'பாக்கெட்' என்போம். நம் பக்கத்துப் பெரியவர்கள் 'பயோரியா' என்பார்கள். இதன் மருத்துவப் பெயர் பெரியோடான்டைட்டிஸ். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

"எங்க தாத்தா ஏற்காடு எஸ்டேட்ல காப்பி பறிச்சவரு, பிரஷ்ஷையே தொட்டதில்ல, எண்பது வயசுல முறுக்கு கடிச்சாரு" என்று அடிக்கடி கேட்கிறோம். உண்மையாகவே இருக்கலாம். அதே லோவின் குழு 1970இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கி, பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்தது. பிரஷ் பழக்கமும் பல் மருத்துவமும் அவர்களுக்கு இல்லை. எல்லோர் பல்லிலும் படலம், காரை (கல்லாக இறுகிய படலம்), ஈறு வீக்கம். ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறைத் தாண்டிப் போகவே இல்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முன்னேறியது. மீதி 8 சதவீதம் பேருக்கு வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போய்விட்டன. தாத்தா அந்தப் பதினொரு சதவீதத்தில் ஒருவர். பேரன் எதில் என்பதைக் கண்ணாடி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அப்ப எப்படித்தான் கண்டுபிடிப்பீங்க?

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடத்தில் ஈறுக்குள் மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்போம். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் சாதாரணம். நாலும் அதற்கு மேலும் போய், ரத்தமும் கசிந்தால் பாக்கெட். எலும்பு எவ்வளவு இருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். டாக்டர் "ரெண்டு, மூணு, அஞ்சு" என்று சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினால் இதுதான் நடக்கிறது. அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும். எண்ணே எடுக்காமல் "ஈறு கெட்டுப்போச்சு, ஆபரேஷன் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

பல் க்ளீன் பண்ணினா பல்லு ஆடிடும்னு சொல்றாங்களே?

சேலம் ஜங்ஷனில் இருந்து அம்மாப்பேட்டை வரை இதைக் கேட்காத வீடு இருக்காது. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு.

தேய்க்காமல் விட்ட படலம் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டு சில நாளிலேயே இறுகத் தொடங்கும். அதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம், நாக்கு தொடும் இடத்தில், எச்சில் சுரப்பி திறக்கும் வாசல் இருப்பதால் அங்கே அதிகம் சேரும். சிலருக்கு ஆறு பற்களையும் சேர்த்து ஒரே பாலமாகப் படிந்திருக்கும். தனிப்பல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்தப் பாலத்துக்குக் கீழே எலும்பு எப்போதோ கரைந்திருக்கும். கறையான் அரித்த பந்தல்காலைப் பாகற்கொடி பிடித்து நிறுத்தியிருப்பது போல, காரைதான் பற்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுக்கும் வேலைதான் ஸ்கேலிங். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது.

விட்டுவைத்தால் என்ன ஆகும்? காரை சொரசொரப்பானது, மேலே புதிய படலம் சுலபமாக ஒட்டும், ஆட்டம் தொடர்ந்து கூடும். எடுத்துவிட்டால் வீக்கம் வடிந்து, ஈறு இறுகி, லேசான ஆட்டம் சில வாரங்களில் குறைவதைப் பலரிடம் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு புகார் உண்டு. "சந்து விழுந்துடுச்சு": அந்தச் சந்தில் காரை இருந்தது, வீங்கிய ஈறும் இருந்தது, இரண்டும் போனால் இடம் தெரியும். "கூச்சம் வந்துடுச்சு": மூடியிருந்த வேர் வெளியே வந்ததால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பெரும்பாலும் சில நாளில், அதிகம் போனால் சில வாரத்தில் அடங்கும். அதுவரை கூச்சத்துக்கான பற்பசை போதும். எனாமல் தேய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். கருவி அதிர்வால் காரையை உதிர்க்கிறது, பல்லை அரைப்பதில்லை.

ஆடுற பல்லைக் காப்பாத்த முடியுமா, எடுத்துடலாமா?

ஆட்டத்தின் அளவைப் பொறுத்தது. முன்னும் பின்னும் லேசாக ஆடினால் நம்பிக்கை உண்டு. மேலும் கீழும் அமுங்கினால் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஈறுக்கு மேலே ஸ்கேலிங். பிறகு மரக்கவைக்கும் ஊசி போட்டு ஈறுக்குக் கீழே வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே கம்பியால் மறுபடி ஆழம் பார்ப்போம். பாதிப் பேருக்கு மேல் கதை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ஆழம் குறையாத இடங்களில் மட்டும் ஈறைச் சிறிது திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போடும் ஃபிளாப் சிகிச்சை. எலும்புக் குழியின் வடிவம் ஒத்துவந்தால் எலும்புத் துகள் வைக்கலாம். எல்லாக் குழிக்கும் அது எடுபடாது. ஆடும் முன்பற்களைப் பக்கத்துப் பற்களோடு உள்பக்கமாகக் கம்பியால் கட்டுவதும் உண்டு.

ஈறு நோயில் பல்லை இழந்து இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இம்பிளான்ட்டைச் சுற்றியும் இதே நோய் வரும், வந்தால் சரிசெய்வது இன்னும் கஷ்டம்.

எனக்கு சுகர் இருக்குதுங்க. அதுக்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பக்கமும் சம்பந்தம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகப் போகும், புண் ஆறத் தாமதமாகும். ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இறங்காது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நாலு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்குப் பக்கத்தில் வரும் அளவு அது. சிகிச்சைக்கு வரும் அன்று காலை டிபனையும் சர்க்கரை மாத்திரையையும் தவறவிடாதீர்கள். ஊசி போடுவார்கள் என்று வெறும் வயிற்றில் வந்து நாற்காலியில் மயங்குபவர்கள் உண்டு.

பாக்கு, ஹான்ஸ் போடுற பழக்கம் இருக்கு. ஆனா எனக்கு ரத்தமே வர்றதில்லையே?

அதுதான் ஆபத்து. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஈறு வெளுத்து, தடித்து, ரத்தம் வராமல், பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். பீடி, சிகரெட்டுக்கும் இதுவே.

விசைத்தறியில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்கள், கொலுசுப் பட்டறையில் பத்து மணி நேரம் குனிந்து உட்காருபவர்கள் தூக்கத்தை விரட்ட இதைப் போடுகிறார்கள். ஹான்ஸை ஒதுக்கும் இடம் எது என்று நாங்கள் கேட்கத் தேவையே இல்லை: கீழுதட்டுக்குள் ஒரே இடத்தில் தோல் வெள்ளையாகச் சுருங்கி, அதற்கு நேரான பல்லில் மட்டும் ஈறு இறங்கி வேர் தெரியும். குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்தது. எங்கே கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

புகையிலை இல்லாத வெறும் பாக்கும் தொந்தரவுதான். கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நிமிர்த்தி வைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் உடனே காட்டுங்கள். அது புற்றுநோயாக மாற வாய்ப்புள்ள நிலை. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும் அப்படியே. விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசிய இலவச ஆலோசனை எண் இருக்கிறது.

எங்க ஊர்ல எல்லாருக்கும் பல் பழுப்பா இருக்கு. க்ளீன் பண்ணினா போகுமா?

சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. பல் தாடைக்குள் உருவாகும் சிறு வயதிலேயே இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எனாமலிலேயே வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு விழும். அது பல்லின் நிறம்; மேலே ஒட்டியது இல்லை. ஸ்கேலிங்கில் போகாது, ஈறு நோயும் அல்ல. விரல் நகத்தால் தடவினால் வழவழப்பாக இருந்தால் ஃபுளோரைடு, மேடு தட்டினால் காரை என்பது உத்தேசமான அடையாளம். கஷ்டம் என்னவென்றால் இந்தப் பழுப்பை மறைக்க வேண்டும் என்று செங்கல் தூள், அடுப்புக்கரி என்று அழுத்தித் தேய்த்து ஈறைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

வேப்பங்குச்சி, உப்பு, எண்ணெய் கொப்பளிக்கிறது இதெல்லாம் நல்லதா கெட்டதா?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லும் ஊரில் குச்சியைக் கெட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நுனியை நன்றாக மென்று நாராக்கி, பொறுமையாகத் தேய்த்தால் வெளிப்பக்கம் சுத்தமாகும். கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் எட்டாது. எண்ணெய் கொப்பளிப்பதால் படலம் கொஞ்சம் குறையலாம், காரை கரையாது. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது வீங்கிய ஈறுக்கு இதம். ஆனால் கல்லுப்பை வைத்து ஈறைத் தேய்க்காதீர்கள். கிராம்பு எண்ணெயை ஈறில் நேராக ஊற்றினால் வெந்துவிடும்.

சிவப்புப் பல்பொடிகளில் சில காவி போன்ற சொரசொரப்பான தூள் கலந்தவை. விரலால் பரபரவென்று தேய்த்தே பல் கழுத்தில் பள்ளம் விழுந்த பெரியவர்களை வாரா வாரம் பார்க்கிறோம்.

சரியா எப்படித் தேய்க்கிறது?

பிரஷ்ஷின் முடியைப் பல்லில் வைக்காமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டில், ஈறை நோக்கிச் சாய்வாக வையுங்கள். இடத்தை விட்டு நகராமல் சின்னதாக அசையுங்கள், பிறகு அடுத்த இரண்டு பல். வெளிப்பக்கம், உள்பக்கம், மேல், கீழ் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். 'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ், ஃபுளோரைடு பற்பசை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும், கிருமிகளுக்கு அதுதான் வசதியான நேரம். ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால் தட்டுவடைத் துணுக்கும் பீட்ரூட் துருவலும் காலை வரை கடைவாய்ச் சந்தில் இருக்கும்.

சந்தைக் குத்த வளையலில் தொங்கும் ஊக்கை எடுக்கும் அக்காமார்களே, அந்த ஊக்கின் முனை ஈறைக் கிழிக்கிறது, கிருமியையும் உள்ளே ஏற்றுகிறது. சந்து பெரிதாக இருந்தால் மருந்துக்கடையில் பற்சந்துப் பிரஷ் என்று சிறிய புட்டி கழுவும் பிரஷ் வடிவில் ஒன்று கிடைக்கும். உங்கள் சந்துக்கு என்ன அளவு என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சந்து நெருக்கமாக இருந்தால் பல் நூல். ஈறு நோய் உள்ளவர்களுக்குப் பிரஷ் பாதி வேலையைத்தான் செய்யும், மீதி சந்துக்குள் இருக்கிறது.

மவுத்வாஷ் போட்டா தேய்க்க வேண்டியதில்லையே?

தேய்த்தாக வேண்டும். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசல் நல்ல மருந்து. ஆனால் அதை இரண்டு வாரத்துக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள், பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை பிடிக்கும், ருசி மாறும். பற்பசைக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள்.

மாசமா இருக்கேன், ஈறு வீங்குது. டெலிவரி வரை தள்ளிப்போடலாமா?

வேண்டாம். ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் படலம் இருந்தாலே ஈறு பெரிதாக வீங்கும். சிலருக்குச் சிவப்பாகக் கட்டி போலவும் முளைக்கும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். ஸ்கேலிங் செய்யலாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உட்காரவும் வசதி, பாதுகாப்பும் கூட. மாசம் எத்தனை என்பதை உள்ளே வந்ததும் சொல்லுங்கள். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காமல், வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேய்க்கவும்.

பிபி மாத்திரையால ஈறு வளருமா?

அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகள், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். பல் சுத்தமாக இருந்தால் வளர்ச்சி குறைவு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்ற முடியுமா என்று கொடுத்த டாக்டரிடம் கேட்போம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்கேலிங்குக்காக அவற்றை நிறுத்துவது பெரும்பாலும் தேவைப்படாது. இதய வால்வு மாற்றியவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், உங்களுக்கு ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் முன்னதாகத் தர வேண்டியிருக்கும்.

மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டா வீக்கம் வடிஞ்சிடுதே?

வடியும், திரும்பி வரும். காரையும் படலமும் அங்கேயே இருக்கின்றன. மாத்திரை அவற்றுக்குள் சரியாகப் புகாது. பாதி அட்டையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இன்னொன்று: ஈறுக்கு வழக்கமாகத் தரும் மெட்ரோநிடசோலோடு டாஸ்மாக் பக்கம் போகக்கூடாது. வாந்தியும் படபடப்பும் ஆளையே புரட்டிவிடும்.

ஏற்காடு ஆரஞ்சு தின்னா ஈறு ரத்தம் நிக்குமா?

வைட்டமின் சி அறவே இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய்க்கு நிற்கும். நீங்கள் பார்ப்பது அநேகமாக அது இல்லை. ஆரஞ்சு சாப்பிடுங்கள், நல்லதுதான்.

மலை மேல இருக்கோம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி எத்தனை தடவை வர்றது?

ஏற்காட்டில் இருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போகும். போன் செய்யும்போதே மலையில் இருந்து வருவதைச் சொல்லுங்கள். ஈறு அழற்சி மட்டும் என்றால் ஒரே தடவையில் முடியும். வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் நாலு தடவைக்குப் பதில் இரண்டு தடவையில் வலது, இடது என்று முடிக்கலாம். காப்பிப் பறிப்பு முடிந்த மாசத்தில் வைத்துக்கொள்பவர்கள் பலர். செலவு யோசனை என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் கண்காணிப்பில் குறைந்த செலவில் செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், வேலை பொறுமையாக நடக்கும். எங்களிடம் வராமல் அங்கே போனாலும் எங்களுக்குச் சம்மதமே.

பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. எலும்பு கரைந்தவர்களுக்கு, சர்க்கரை, புகையிலை உள்ளவர்களுக்கு மூன்று மாதம்.

எப்ப உடனே ஓடி வரணும்?

தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலோடு விழுங்கக் கஷ்டமாகவோ மூச்சுவிடச் சிரமமாகவோ இருந்தால் பல் மருத்துவமனைக்கு வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஈறில் ரத்தம் கசிந்தால் டெங்குவாக இருக்கலாம். அன்றே ரத்தப் பரிசோதனை. காரணமில்லாமல் ஈறு முழுக்க ரத்தம், உடம்பில் நீலத் தடிப்பு, விடாத சோர்வு சேர்ந்து வந்தாலும் முதலில் ரத்தம் பார்க்க வேண்டும்.

வரும்போது என்ன கொண்டு வரணும்?

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட், பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் அது. கூடவே வீட்டில் பயன்படுத்தும் பிரஷ்ஷையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். முடி எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் அழுத்தம், எந்தப் பக்கம் பிரஷ்ஷே போகவில்லை என்பதை நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே பாதி சொல்லிவிடலாம்.